இரவல் வில்லை

கொழும்பு விகாரமகாதேவி பூங்காவில், மாதத்தின் முதல் ஞாயிறு காலையில், மர நிழலொன்றில் துவாயை விரித்து அதன்மேல் கமரா வில்லைகளை அடுக்கிவைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் சிலரை நீங்கள் கண்டிருக்கக்கூடும். நடைபாதைக் கடை என்று எண்ணி விலை விசாரித்தவர்களும் உண்டு. அவை விற்பனைக்கு உரியவையல்ல, இரவலுக்கு உரியவை. ஒருவருடைய வில்லையை மற்றொருவர் ஒரு மாதத்துக்கு எடுத்துச் செல்வார். அடுத்த முறை வரும்போது அந்த வில்லையால் எடுத்த படங்களில் மூன்றை மட்டும் காட்ட வேண்டும். எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. ஏனையோர்தான் பேச வேண்டும். இவ்வளவே எங்கள் யாப்பு.

வங்கி உத்தியோகத்தர் ஒருவர், பல் வைத்தியர் ஒருவர், கப்பலிற் பொறியியலாளராக இருந்து இளைப்பாறியவர் ஒருவர், பாடசாலை ஆசிரியை ஒருவர், பல்கலைக்கழக மாணவர் இருவர், இவர்களோடு நான். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் இருக்கிறோம். ஆங்கிலமும் சிங்களமும் கலந்து பேச்சு நடக்கும். வயதில் மூத்தவன் நான் என்பதால் எல்லோருக்கும் ‘அங்கிள்’. எங்களில் எவருக்கும் இது தொழில் அன்று. நாற்பது ஆண்டுகள் பத்திரிகையில் இருந்தவன் என்றாலும் நான் எழுத்துக்காரனாகவே சம்பளம் வாங்கினேன். அலுவலகப் படப்பிடிப்பாளர்கள் கொண்டுவந்த படங்களுக்குக் கீழே இரண்டு வரி எழுதுவதே படங்களோடு எனக்கிருந்த உத்தியோகத் தொடர்பு.

இரவல் வழக்கம் எங்கள் பெருந்தன்மையால் உண்டானதன்று. 2022ஆம் ஆண்டில் ரூபா சரிந்தபோது, அதுவரை 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களிலேயே 360 ரூபாவைத் தொட்டது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வேறு. புதிய வில்லை வாங்குவது என்ற பேச்சே நின்றுபோயிற்று. கையில் இருப்பவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவோம் என்று பல் வைத்தியர் சொன்னார். அப்படித் தொடங்கியதுதான்.

துவாயில் என் பங்காக நான் வைப்பது ஒரேயொரு வில்லை. கறுப்பு உலோகத்தில் ரஷ்ய எழுத்துகள் பொறித்த ஹீலியோஸ் 44-2. குவியத் தூரம் 58 மில்லிமீற்றர், ஆகக்கூடிய துவாரம் எஃப் 2. ஜேர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனத்தின் பயோட்டார் என்ற வில்லையைப் பின்பற்றிச் சோவியத் நாட்டில் செய்யப்பட்டது. அது பூட்டப்பட்டு வந்த கமரா செனித்-ஈ. அறுபதுகளின் நடுப்பகுதியிலிருந்து லட்சக்கணக்கில் வார்க்கப்பட்ட கனத்த பெட்டி. கழுத்தில் மாட்டினால் நாள் முடிவில் தலையிடி நிச்சயம். 1976இல், இறக்குமதிகள் இறுக்கப்பட்டிருந்த காலத்தில், மொஸ்கோவின் பற்றிஸ் லுமும்பா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த நண்பனின் தமையன் விடுமுறைக்கு ஊர் வந்தபோது கொண்டுவந்தார். மாதத் தவணையில் வாங்கினேன். கடைசித் தவணையை அவர் வாங்க மறுத்துவிட்டார்.

அந்தக் கமராவுக்கு ஒரு விசேடம் இருந்தது. பற்றறி தேவையில்லை. வெளிச்சத்தை அளக்கும் மானி செலீனியத்தால் ஆனது. வெயில் பட்டாற் போதும், முள் அசையும். மூடி முழுவதும் சுருள்வில்லால் இயங்குவது. 1990இன் பின்னர் யாழ்ப்பாணத்துக்குப் பற்றறி வருவதற்குத் தடை விதிக்கப்பட்டு, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலத்தில், யப்பானியக் கமராக்கள் பல அலுமாரியில் உறங்கின. என் ரஷ்யப் பெட்டி விழித்திருந்தது. பிலிம்தான் கிடைப்பதில்லை. ஒரு றோலில் 36 படங்கள் என்றால் அதை ஒரு வருடத்துக்கு வைத்துப் பயன்படுத்துவோம். பத்திரிகையையே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சிட்ட நாள்கள் அவை.

நிற்க. வில்லைகள் பற்றி இவர்கள் பேசுவதைக் கேட்பது எனக்குப் பெரும் பொழுதுபோக்கு. கண்ணாடி வைத்த பழைய கமராக்களில், வில்லை பூட்டும் இடத்துக்கும் பிலிமுக்கும் நடுவே அந்தக் கண்ணாடி எழுந்து விழுவதற்கு இடம் வேண்டும். என் செனித்தில் அந்த இடைவெளி 45 மில்லிமீற்றருக்குச் சற்று அதிகம். 2008இல் கண்ணாடியற்ற கமராக்கள் சந்தைக்கு வந்தபின் அது 20 மில்லிமீற்றராகவும் அதற்குக் குறைவாகவும் சுருங்கிவிட்டது. மிச்சமாகும் இடத்தை ஒரு வெற்றுலோக வளையத்தால் நிரப்பினால், அரை நூற்றாண்டுக்கு முந்திய எந்த வில்லையையும் இன்றைய கமராவில் முறுக்கிவிடலாம். வளையத்தின் விலை ஒரு நல்ல மதிய உணவுக்குச் சற்றுக் கூடும், அவ்வளவே. அதனால் வீட்டுப் பெட்டகங்களிலே பூஞ்சணம் பிடித்துக் கிடந்த கிழட்டு வில்லைகளுக்கு மறுவாழ்வு கிடைத்தது. எங்கள் ஈரக் காற்று வில்லைகளுக்கு எமன். பிஸ்கட் ரின்னுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு அவற்றை வைத்துப் பாதுகாக்க வேண்டும் என்பதைக் கப்பற் பொறியியலாளர் எங்களுக்கு மாதந்தோறும் நினைவூட்டுவார்.

என் ஹீலியோஸ் குற்றமில்லாத வில்லை அன்று. துவாரத்தை முழுதாகத் திறந்தால் படத்தின் ஓரங்கள் மங்கும். முகத்துக்குப் பின்னால் சற்றுத் தள்ளி இலைதழைகள் இருந்தால் அவை கிணற்றுச் சுழி போல் வட்டமாகச் சுற்றும். அந்நாளில் அதைக் குறை என்று திட்டினோம். இன்றைய பிள்ளைகள் அந்தச் சுழிக்காகவே அதைத் தேடுகிறார்கள். துவார வளையங்கள் அதில் இரண்டு. முழுதாகத் திறந்து குவியப்படுத்திவிட்டு, பிறகு கையால் மூட வேண்டும். மூட மறந்தால் படம் வெளிறிப்போகும். நான் மறந்த தடவைகளைக் கணக்கிட்டால் இரண்டு றோல்கள் தேறும்.

இந்த வில்லையால் நான் எடுத்த ஒரு படத்தைப்பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் புறப்பட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்ததைப் பலர் எழுதிவிட்டார்கள். மழை, இருட்டு, நாவற்குழிப் பாலம், ஓரடி வைக்க ஒரு மணித்தியாலம். நானும் அந்தச் சனத்துள் ஒருவன். செனித்தில் 11 படங்களுக்குப் பிலிம் மீதியிருந்தது. விடிந்தபின் சாவகச்சேரிக்கு அருகில், தெருவுக்கு அந்தப் பக்கத்தில், சுருட்டிய பாயின் மேல் ஒரு முதிய பெண் அமர்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு செம்பு. நான் தெருவுக்கு இந்தப் பக்கத்தில் நின்று எடுத்தேன். கடந்து போகவில்லை. அவரிடம் எதுவும் கேட்கவில்லை. களைப்பு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையன்று. கிட்டப் போனால் ஏதாவது உதவி கேட்பார், செய்ய என்னிடம் ஒன்றுமில்லை என்ற பயம்.

அந்த றோலை ஒரு புகையிலை ரின்னுக்குள் வைத்து, அடுத்த ஆண்டு கொழும்புக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். அது வவுனியாவைக் கடந்த விதம் தனிக் கதை. நான் அப்போது சேர்ந்த பத்திரிகையில் அந்தப் படம் மூன்று பத்தி அகலத்தில் வெளியாயிற்று. ‘இடம்பெயர்வின்போது ஒரு மூதாட்டி’ என்று கீழே எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது என்று ஆசிரிய பீடத்தில் பாராட்டினார்கள்.

2003இல், பாதை திறந்திருந்த நாள்களில், கனடாவிலிருந்து வந்த ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். பணப்பையில் மடித்து வைத்திருந்த பத்திரிகைத் துண்டை எடுத்து மேசையில் விரித்தார். மடிப்பு முகத்தின் குறுக்கே போயிருந்தது.

“ஐயா, இது என்ர அம்மா. தொண்ணூற்றாறிலை வன்னியிலை மோசம் போயிற்றா. வீடும் அல்பங்களும் ஒண்டும் மிஞ்சேல்லை. இதைவிட எங்களிட்டை அவவின்ரை படம் வேறையில்லை. நீங்கள் எடுத்த படத்திலை ஒரு கொப்பி வேணும்.”

நெகட்டிவ்களை நான் அலுவலக நூலகத்தில் ஒப்படைத்திருந்தேன். தேடினோம். இரண்டு நாள்கள் தேடினோம். அலுவலகம் ஒருமுறை இடம் மாறியபோது பல உறைகள் குப்பையோடு போய்விட்டன என்று தெரியவந்தது. யாரையும் நோகப் பயனில்லை. ஒரு பிரதியை நான் வைத்திருந்திருக்கலாம். வேறு வழியின்றி அந்தப் பத்திரிகைத் துண்டையே படமெடுத்துப் பெருப்பித்தேன். பத்திரிகைப் படம் என்பது புள்ளிகளின் கூட்டம் என்பது வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். பெருப்பித்தபோது புள்ளிகளும் பெருத்தன. கையில் வைத்துப் பார்த்தால் முகம் இல்லை. கறுப்புப் பொட்டுகள் மாத்திரம். சுவரில் சாத்திவிட்டு ஆறு அடி பின்னால் நகர்ந்தால் அம்மா வந்தார். மகன் முன்னும் பின்னுமாகச் சிலமுறை நடந்து பார்த்தார். பிறகு அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். போகும்போது தாயின் பெயரைச் சொன்னார். அதை எழுதிவைத்திருக்கிறேன், இங்கே வெளியிட அவரிடம் அனுமதி கேட்கவில்லை என்பதால் வெளியிடவில்லை.

எங்கள் குழுவிலுள்ள வங்கி உத்தியோகத்தருக்கும் எனக்கும் அடிக்கடி வாக்குவாதம் வருவதற்கு இதுவே உள்காரணம். முப்பது வயதுச் சிங்களத் தம்பி. அருமையான பறவைப் படக்காரர். அவரிடம் 150இலிருந்து 600 மில்லிமீற்றர் வரை நீளும் வில்லை ஒன்றுண்டு. இரண்டு கிலோ இருக்கும். விடிகாலையில் தலங்கம ஏரிக்கரையில் சேற்றுள் படுத்துக் கிடந்து அவர் எடுக்கும் மீன்கொத்தியின் இறகில் நீர்த்துளியை எண்ணலாம். பறவைக்கு அதுதான் வில்லை, மறுப்பில்லை. கொக்கிடம் அனுமதி கேட்கவா முடியும்? ஆனால் அவர் அதே வில்லையைப் புறக்கோட்டைக்குக் கொண்டுபோய், தெருவின் மறுகோடியில் நின்று, மூட்டை சுமப்பவர்களின் முகங்களை எடுத்துவந்து காட்டியபோது நான் கடிந்துகொண்டேன்.

“அங்கிள், கிட்டப் போனால் அவர்கள் கமராவுக்கு முகத்தைத் தயார்படுத்திவிடுகிறார்கள். தூரத்திலிருந்தால்தான் உண்மையான முகம் கிடைக்கிறது,” என்றார் அவர்.

இதில் நியாயம் இல்லாமலில்லை. கல்யாண வீட்டுப் படங்களில் நாமெல்லாம் எப்படி விறைத்துக்கொண்டு நிற்கிறோம் என்பது தெரியாதா? இருந்தாலும், தயார்படுத்திய முகமும் அவருடைய முகம்தான். எந்த முகத்தைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் உரிமை அவருக்கில்லையா என்று கேட்டேன். ஆசிரியை இடையில் புகுந்தார். அடுத்த மாதம் இருவரும் வில்லைகளை மாற்றிக்கொள்ளுங்கள் என்று தீர்ப்புச் சொன்னார். அவர் வகுப்பில் பிள்ளைகள் எப்படி அடங்கியிருப்பார்கள் என்று அப்போது விளங்கியது.

அந்த மாதம், 2023இல், குழுவாக மலையகத்துக்குப் போனோம். ரயிலில் ஹற்றன்வரை, அங்கிருந்து பஸ்ஸில் டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவை. அங்குள்ள புனித மரியாள் தேவாலய மயானத்தில் ஜூலியா மார்கரட் கமரோன் என்ற பெண்மணியின் கல்லறை இருக்கிறது. படமெடுப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட எவருக்கும் அது ஒரு யாத்திரைத் தலம். 1815இல் கல்கத்தாவிற் பிறந்தவர். 1863இல், தமது 48ஆவது வயதில், மகள் பரிசளித்த பெட்டியைக் கொண்டுதான் படமெடுக்கத் தொடங்கினார். இங்கிலாந்தின் வைட் தீவிலே கோழிக்கூட்டைத் திருத்திக் கண்ணாடிக் கூடமாக்கிக்கொண்டார். டார்வின், டெனிசன் போன்றோரெல்லாம் அவர் முன் நிமிடக் கணக்கில் அசையாமல் இருந்திருக்கிறார்கள். படங்கள் மங்கலாயிருக்கின்றன, குவியப்படுத்தத் தெரியாதவர் என்று அக்காலத்து விற்பன்னர்கள் ஏளனம் செய்தார்கள். அவரோ, வில்லையைத் திருகிக்கொண்டு போகையில் அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திவிடுவதாகத் தமது குறிப்பில் எழுதியிருக்கிறார். என் ஹீலியோஸின் மங்கலுக்கு நான் நீதி கற்பிப்பது இவரைக் கொண்டுதான்.

1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார்; கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879 ஜனவரியில் காலமானார். இங்கே அவர் எடுத்தவற்றுள் முப்பதுக்கும் குறைவான படங்களே இன்று எஞ்சியுள்ளன. அவற்றில் தோட்டங்களில் வேலை செய்த நம்மவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் எடுத்த பிரபுக்களுக்கும் கவிஞர்களுக்கும் மட்டுமன்றி, வீட்டுப் பணிப்பெண்களுக்குங்கூட அவர் படங்களால் பெயர் நிலைத்துவிட்டது. நம்மவர்களிற் பெரும்பாலோருக்கு நிலைக்கவில்லை. ‘தொழிலாளி’, ‘பெண்’ என்ற அளவிலேயே அவர்கள் நூதனசாலைகளில் இருக்கிறார்கள். ‘ஒரு மூதாட்டி’ என்று எழுதியவன் இதைக் குறையாகச் சொல்லும் யோக்கியதை உடையவனா என்பது வேறு விடயம்.

கல்லறையைப் பார்த்துவிட்டு இறங்கும்போது, கொழுந்து நிறுத்துவிட்டு வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணைக் கண்டு வங்கித் தம்பி தயங்கி நின்றார். கழுத்தில் என் ஹீலியோஸ். வழக்கமான இடத்தில் நின்று பார்த்தால் அந்த வில்லையில் பெண் விரல் உயரமே தெரிந்தார். முன்னால் போனார். போதவில்லை. இன்னும் போனார். மூன்று முழ தூரத்துக்கு வந்ததும் எதுவும் பேசாமல் நிற்பது அநாகரிகம் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாது. திரும்பி என்னை அழைத்தார்.

நான் கேட்டேன். அந்தப் பெண் கூடைக் கயிற்றைத் தலையிலிருந்து இறக்காமலே சிரித்தார்.

“எத்தனையோ பேரு வந்து எடுத்துக்கிட்டுப் போறாங்க, சார். ஒருத்தரும் ஒரு படம் குடுத்ததில்ல. இவரு குடுப்பாரா?”

மொழிபெயர்த்தேன். தம்பியின் காதுகள் சிவந்தன. பெயரையும் லயன் இலக்கத்தையும் கேட்டுச் சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டார். பிறகு அந்தப் பழைய வளையத்தைத் திருகித் திருகிக் குவியப்படுத்த இரண்டு நிமிடமாயிற்று. தானியக்கம் பழகிய கை. அந்த இரண்டு நிமிடத்தில் பெண் மகனைப்பற்றிச் சொன்னார், மழையைப்பற்றிச் சொன்னார், நாட்கூலியைப்பற்றிச் சொன்னார். நான் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தேன்.

இனி என் கதை. அன்று பிற்பகல் மற்றவர்கள் தேநீருக்குப் போயிருந்தபோது, ஓர் ஓடையின் கரையில் அந்த நீண்ட வில்லையை மதிலில் தாங்கி வைத்து எதிர்ச் சரிவைப் பார்த்தேன். லயனொன்றின் வாசற்படியில் முதிய பெண்மணி ஒருவர் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். 600 மில்லிமீற்றர் அவரை என் மடிக்கே கொண்டுவந்துவிட்டது. நெற்றிச் சுருக்கம், மூக்குத்தி, அரிசி மேலெழும்பி அந்தரத்தில் நிற்கும் கணம். மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். எடுத்துக்கொண்டேயிருந்தேன். கள்ள மாங்காயின் ருசி என்று சொல்வார்களே, அதுதான். அவர் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. ஓடையில் பாலம் இருந்தது. நடந்தால் பத்து நிமிடம். நான் நடக்கவில்லை.

அடுத்த ஞாயிறுக் கூட்டத்தில் இருவர் படங்களும் வரிசைக்கு வந்தன. தம்பியுடைய படத்தில் தேயிலைச் செடிகள் அந்தப் பெண்ணைச் சுற்றிச் சுழன்றன. குவியம் கண்ணில் விழாமல் காதில் விழுந்திருந்தது. என் படத்தை எல்லோரும் கையிலெடுத்துப் பார்த்தார்கள். அங்கிள் எடுத்தவற்றுள் இதுவே சிறந்தது என்றார் பல் வைத்தியர். நான் மகிழ்ந்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை.

“யார் இவர்?” என்று கேட்டார் ஆசிரியை.

எடுத்தவர் பேசக்கூடாது என்ற விதி அன்று எனக்கு வாய்ப்பாயிற்று.

கூட்டம் கலைந்தபின், தம்பியோடு பஸ் தரிப்பிடம்வரை நடக்கையில், 1995ஆம் ஆண்டுப் படத்தின் கதையை அவருக்குச் சொன்னேன். இதுவரை குழுவில் எவருக்கும் சொன்னதில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் படத்தில் ஒரு பிரதி கேட்டார்; கொடுத்தேன்.

அடுத்த போயா விடுமுறையில் அவர் தனியாகப் பொகவந்தலாவைக்குப் போய்வந்தாராம். கொழுந்துக்காரப் பெண்ணுக்கு வாக்களித்த படங்களைக் கொடுத்துவிட்டு, என் படத்தை அவரிடமே காட்டி விசாரித்திருக்கிறார். அவர் லயன் லயனாகக் கூட்டிப் போயிருக்கிறார். முதிய பெண்மணி கிடைத்துவிட்டார். ஒரு பிரதி அவருக்கு. மற்றொன்றின் பின்புறத்தில் பாடசாலை செல்லும் பேத்தி பென்சிலால், பெரிய எழுத்துகளில், பாட்டியின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தாள்.

தம்பிக்கு அதை வாசிக்கத் தெரியாது. பூங்காவில் என்னிடம் நீட்டி, வாசித்துக் காட்டுங்கள் என்றார். வாசித்தேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். தாமும் சொல்லிப் பார்த்தார்.

“பாட்டி ஒரு கேள்வி கேட்டார், அங்கிள். பேத்தி எனக்குச் சிங்களத்தில் சொன்னாள். அன்றைக்கு வாசலுக்கு ஒருவரும் வரவில்லையே, இதை எடுத்தவர் எங்கே நின்றார் என்று.”

ஓடைக்கு அந்தப் பக்கம் என்றேன்.